ஒரு மருத்துவமனை வார்டும் சமூகவியலின் மூன்று சொற்களும்

அப்பாவுக்குத் துணையாகப் பதினோரு நாள் ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், அதிகம் பேசாதவர். அவர் முப்பது வருடத்துக்கு மேல் வேறொரு மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர் என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. எத்தனையோ பேரைப் படுக்கச் சொல்லி, எழுப்பி, வீட்டுக்கு அனுப்பிய மனிதர், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க ஐயா" என்று ஒரு இளம் செவிலியர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் திரும்பிப் படுத்தார். டாக்டர் எப்போது வருவார் என்று எங்களைப் போலவே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த படிப்பு எங்கேயும் போய்விடவில்லை, ஞாபகமும் அப்படியே இருந்தது. இருந்த இடம்தான் மாறியிருந்தது. அதோடு அவர் என்ன செய்யலாம், யாரிடம் எப்படிப் பேசலாம், எதற்கெல்லாம் காத்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்து மாறிவிட்டது.

சமூகவியலைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே மூன்று சொற்கள் வந்து நிற்கும்: சமூகக் கட்டமைப்பு, தகுநிலை, பங்கு. பாடப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இலக்கணம் இருக்கும், மனப்பாடம் செய்து எழுதிவிடலாம், மதிப்பெண்ணும் வந்துவிடும். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த மூன்றும் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது எனக்கு உறைத்தது அந்த வார்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தபோதுதான். அதனால் வார்டை வைத்தே சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, இந்தக் கருத்துகளை வளர்த்த சமூகவியலாளர்களில் பலர் மருத்துவர்களையும் நோயாளிகளையும் உற்றுப் பார்த்துத்தான் யோசித்தார்கள்.

முதலில் கட்டமைப்பு. இரவு எட்டு மணிக்கு வார்டில் ஷிப்ட் மாறும். பகலில் இருந்த செவிலியர், உதவியாளர், பயிற்சி மருத்துவர், காவலாளி எல்லோரும் போய்விடுவார்கள், அரை மணி நேரத்தில் முழுக்க வேறு முகங்கள். ஆனாலும் எந்தக் குழப்பமும் இருக்காது. புதிதாக வந்தவர் அப்பாவை அதற்குமுன் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் கையைப் பிடித்து ஊசி போடுவார், அப்பாவும் கையை நீட்டுவார். முன்பின் தெரியாத ஒருவர் ஊசியோடு பக்கத்தில் வந்தால் வேறு எந்த இடத்திலும் நாம் இப்படிக் கையை நீட்டமாட்டோம். நோயாளிகளும் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கிறார்கள், ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தக் கட்டில்களில் ஒருவர்கூட பழையவராக இருக்கமாட்டார். இப்படி ஆட்கள் எல்லோரும் மாறிய பிறகும் அவர்களுக்கு நடுவில் உள்ள ஏற்பாடு மட்டும் அப்படியே நிற்கிறதே, அந்த ஏற்பாட்டுக்குத்தான் சமூகக் கட்டமைப்பு என்று பெயர்.

கட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தூண், சுவர் மாதிரி ஏதோ ஒன்று மனதில் வரும். இங்கே தூணுமில்லை சுவருமில்லை, உறவுகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு இடமும் இன்னோர் இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது: நோயாளி இல்லாமல் மருத்துவர் என்ற இடத்துக்கே பொருள் கிடையாது, மாணவர் இல்லாமல் ஆசிரியர் இல்லை, பிள்ளை பிறந்த நிமிடத்தில்தான் ஒருத்தி தாயாகிறாள். ஒரு பக்கத்துக்கு உரிமை என்றால் எதிர்ப்பக்கத்துக்கு அது கடமை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895ல் இதைப் பற்றி எழுதும்போது மிக எளிமையான ஓர் இடத்திலிருந்து தொடங்கினார். சகோதரனாக, கணவனாக, குடிமகனாக நான் செய்யும் கடமைகளை நான் உண்டாக்கவில்லை, நான் பிறப்பதற்கு முன்பே அவை எனக்கு வெளியே இருந்தன, அவற்றை நான் மனதார விரும்பிச் செய்தாலும்கூட அவை வெளியிலிருந்து வந்தவைதான் என்றார். அவற்றை மீறிப் பார்த்தால்தான் அவை எவ்வளவு பலமானவை என்று தெரியும்.

இதையே பெரிதாக விரித்துக்கொண்டு போகலாம், வார்டு மருத்துவமனைக்குள், மருத்துவமனை சுகாதார அமைப்புக்குள், அது கல்வியோடும் சட்டத்தோடும் பொருளாதாரத்தோடும் பின்னிக்கிடக்கிறது. அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வியின் முகமே மாறிவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959ல் சொன்ன உதாரணம் இன்னும் பழசாகவில்லை. ஒரு லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் விசாரிக்கலாம். 5 கோடி உழைப்பாளிகள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குணத்தை விசாரிப்பதில் அர்த்தமே இல்லை, வாய்ப்புகளின் கட்டமைப்பே உடைந்திருக்கிறது.

சரி, அடுத்தது தகுநிலை. அந்தஸ்து என்றும் எழுதுவார்கள், அந்தச் சொல்லில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அன்றாடப் பேச்சில் அந்தஸ்து என்றால் பணம், பெருமை, மேல்தட்டு. சமூகவியலில் முதல் பொருள் அது கிடையாது. ஏற்பாட்டுக்குள் ஒருவர் வகிக்கும் இடம் எதுவாக இருந்தாலும் அது தகுநிலைதான். நோயாளி என்பதும் தகுநிலை, மகன் என்பதும், கைதி என்பதும், அகதி என்பதும் தகுநிலை. மதிப்பு அதற்கு அப்புறம் வந்து ஒட்டிக்கொள்வது. சில இடங்களுக்கு நிறைய ஒட்டும், சில இடங்களுக்கு அவமானம் ஒட்டும். (ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இந்தச் சமூக மதிப்பைப் பணத்திலிருந்து பிரித்துக் காட்டினார். பணம் இருந்தும் மதிப்புக் கிடைக்காதவர்கள் உண்டு, பணமே இல்லாமல் மதிப்போடு வாழ்கிறவர்களும் உண்டு. அது தனியாகப் பேசவேண்டிய விஷயம்.)

அமெரிக்க மானுடவியலாளர் ரால்ஃப் லிண்டன் 1936ல் தகுநிலையை விளக்க ஒரு காரை எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் இருக்கை, ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் எப்போதும் அங்கேயே இருக்கின்றன, என்னென்ன செய்ய முடியும் என்பதும் அந்த இருக்கையிலேயே இருக்கிறது. உட்காருகிறவர் குடும்பத்தில் யாராகவும் இருக்கலாம், நன்றாகவும் ஓட்டலாம், மோசமாகவும் ஓட்டலாம். இருக்கை வேறு, ஆள் வேறு. இந்த ஒரு பிரிவினை மனதில் உட்கார்ந்துவிட்டால் சமூகவியலில் பாதித் தூரம் வந்துவிட்டோம் என்றுதான் சொல்வேன்.

அந்த இருக்கைக்கு எப்படி வந்து சேர்கிறோம் என்பதை வைத்து லிண்டன் தகுநிலைகளை இரண்டாகப் பிரித்தார். கேட்காமலே நம்மேல் சுமத்தப்படுவது ஒன்று, பிறந்த குடும்பம், சாதி, இனம், பெண்ணாகப் பிறந்தது, மூத்த பிள்ளையாகப் பிறந்தது, வயது. முயன்று பெறுவது இன்னொன்று, பட்டம், வேலை, பதவி, திருமணம். முன்னதைச் சார்த்தப்பட்ட தகுநிலை என்றும் பின்னதை ஈட்டிய தகுநிலை என்றும் சொல்கிறோம். தேர்வுக்கு இது போதும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது புத்தகத்தில் இருக்கும் அளவுக்குச் சுலபமில்லை. மருத்துவராவது ஈட்டிய தகுநிலை, யார் படித்தாலும் ஆகலாம் என்கிறோம். அமெரிக்காவில் ஒரு பெண் மருத்துவப் பட்டம் வாங்க 1849 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் எலிசபெத் பிளாக்வெல் பட்டம் பெற்றார், அதற்குமுன் கல்லூரிகள் ஒவ்வொன்றாக அவரைத் திருப்பி அனுப்பின. முயன்று ஈட்டும் இடத்துக்குப் போகும் வாசலில் பிறப்பால் வந்த தகுநிலை காவலுக்கு நிற்கிறது. இன்றைக்கும் பல வாசல்களில் நிற்கிறது, நுழைவுச்சீட்டைக் கேட்கும் குரல்தான் கொஞ்சம் மென்மையாகியிருக்கிறது.

உள்ளே போன பிறகும் விடாது. நம் ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து தகுநிலைகள் இருக்கும், ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். இதை முதன்மைத் தகுநிலை என்பார்கள். எவரெட் ஹியூஸ் 1945ல் எழுதியபோது அமெரிக்கக் கறுப்பின மருத்துவரை எடுத்துக்கொண்டார். வெள்ளையரான நோயாளிக்கு அவர் மருத்துவரா, கறுப்பினத்தவரா? அவசரச் சிகிச்சையில் உயிருக்குப் போராடும்போது மருத்துவர், அந்த அவசரம் தீர்ந்ததும் பழையபடி இனம்தான் முன்னால் வந்துவிடும். ஹியூஸ் இன்னொன்றையும் கவனித்தார்: மருத்துவர் என்ற இடத்துக்குத் தேவை பயிற்சியும் உரிமமும்தான், ஆனால் மக்கள் மனதில் அதோடு சேர்ந்து வேறு சில எதிர்பார்ப்புகளும் இருக்கின்றன, ஆணாக இருப்பார், வெள்ளையராக இருப்பார் என்று. யாரும் அவற்றை எழுதி வைக்கவில்லை. எழுதாமல் இருப்பதனாலேயே அவற்றை எதிர்த்து வாதாடவும் முடிவதில்லை. எங்கள் வார்டில் மூத்த மருத்துவர் ஒரு பெண். அவரை நோயாளிகளில் பாதிப்பேர் "சிஸ்டர்" என்று கூப்பிட்டதையும், அவருக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்த மாணவனிடம் "டாக்டர், எப்போ வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டதையும் நானே பார்த்தேன். ஊனம், சிறைக்குப் போன வரலாறு, மனநோய் இருந்த வரலாறு எல்லாம் இப்படித்தான் ஓர் ஆளின் மற்ற எல்லா இடங்களையும் அழித்துவிடுகின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மனதை மிகவும் உறுத்துகிற பகுதி இதுதான்.

மூன்றாவது, பங்கு. வகிபாகம் என்ற சொல்லும் உண்டு, எனக்கு அது பிடிக்கும், வகிக்கும் பாகம் என்று பொருள் தெளிவாக இருக்கிறது. தகுநிலை என்பது இருக்கை என்றால் பங்கு என்பது அதில் உட்கார்ந்து ஓட்டுவது. ஒரு தகுநிலையில் இருக்கிறோம், அதற்கான பங்கை ஆற்றுகிறோம். அந்த இடத்தில் இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்களோ அதன் தொகுப்புத்தான் பங்கு.

நோயாளிக்கு என்ன பங்கு, அவர் படுத்துத்தானே கிடக்கிறார் என்று தோன்றும். டால்காட் பார்சன்ஸ் 1951ல் இதைத்தான் எடுத்து விரித்தார். நோய் உடம்பில் வருகிறது, ஆனால் நோயாளியாக இருப்பது ஒரு சமூகப் பங்கு என்றார். அதில் இரண்டு உரிமைகள்: வழக்கமான வேலைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய் வந்ததற்காக அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. இரண்டு கடமைகள்: குணமாக வேண்டும் என்று அவர் விரும்ப வேண்டும், தகுதியானவரிடம் உதவி தேடி அவரோடு ஒத்துழைக்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. வார்டில் பார்த்தபோதுதான் எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது. மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு நோயாளிமேல் அவர் மனைவிக்கு வந்த கோபத்தை நினைத்துப் பார்க்கிறேன். வலியில் கத்தியபோது அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, படுக்கையை நனைத்தபோதும் வரவில்லை. ஒத்துழைக்காதபோது வந்தது. உரிமைகளை எடுத்துக்கொண்டு கடமையைச் செய்யாமல் இருந்தால் சுற்றியிருப்பவர்களுக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது, அது ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

பார்சன்ஸ் சொன்னதில் ஓட்டையும் இருக்கிறது. காய்ச்சல் மாதிரி வந்து போகும் நோய்க்குத்தான் இது பொருந்தும், வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் நோய்க்குப் பொருந்தாது. நீரிழிவுக்காரர் குணமாகிவிடுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, வேலைக்கும் போய்க்கொண்டே இருக்கிறார். சில நோய்களுக்கு நோயாளியையே குற்றம் சொல்லவும் செய்கிறார்கள். அதற்காகக் கருத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது பொருந்தாத இடங்களைக் கவனித்தாலே நம் சமூகம் எந்த நோய்க்கு விலக்குத் தருகிறது, எதற்குத் தர மறுக்கிறது என்பது வெளியே வந்துவிடும்.

ஒரு தகுநிலைக்கு ஒரு பங்கு என்று நினைத்தால் கணக்கு சுலபம், ஆனால் ஒவ்வோர் இடத்தையும் சுற்றிப் பலர் நிற்கிறார்கள். ராபர்ட் மெர்ட்டன் 1957ல் இதற்குப் பங்குத் தொகுதி என்று பெயர் வைத்தார். அவர் காட்டியது மருத்துவ மாணவரை: ஒரே மாணவர், ஆனால் ஆசிரியர் எதிர்பார்ப்பது வேறு, செவிலியர் எதிர்பார்ப்பது வேறு, நோயாளி எதிர்பார்ப்பது வேறு. ஒரே இடத்தில் நிற்பவரை நாலாப்பக்கமும் இழுக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் இரவு அப்பாவுக்கு டிரிப் நின்றுவிட்டது. செவிலியரைக் கூப்பிடப் போனேன், இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை, மூன்றாவது முறை "வரேன்னு சொன்னேனில்ல" என்று வெடுக்கென்று சொன்னார். எனக்கு ஆத்திரம், இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொறுமை வேண்டாமா என்று முணுமுணுத்தேன். அப்புறம் தூக்கம் வராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரி முப்பது கட்டிலுக்கு அவர் ஒருத்தர். மருத்துவர் போனில் உத்தரவு கொடுக்கிறார், உடனே செய்யவேண்டும். மேற்பார்வையாளருக்குப் பதிவேடு முழுமையாக இருக்கவேண்டும். நோயாளிகளுக்கு அவர் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசவேண்டும். என்னைப் போன்ற துணைக்கு வந்தவர்களுக்கோ எங்கள் ஆள்தான் முதலில். ஒவ்வொருவர் கேட்பதும் நியாயம்தான், எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய முடியாது. ஒரே பங்குக்குள் இப்படி வரும் நெருக்கடிக்குப் பங்கு அழுத்தம் என்று பெயர். நான் அதைக் குணக்கேடு என்று படித்துவிட்டேன். அந்த இருக்கையில் அன்று யார் உட்கார்ந்திருந்தாலும், நானே உட்கார்ந்திருந்தாலும், மூன்றாவது முறை அப்படித்தான் பதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதோடு இன்னொரு சுமையும் உண்டு. ஆர்லி ஹோக்ஷில்ட் 1983ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சிரித்த முகமும் கனிவும்கூட வேலையின் பகுதியாகச் சம்பளத்துக்கு விற்கப்படுகின்றன என்று காட்டினார், அதை உணர்வு உழைப்பு என்றார். செவிலியர் வேலையில் அது மணிக்கணக்கில் நடக்கிறது, கடமைப் பட்டியலில் தனி வரியாக இருப்பதில்லை.

பங்கு அழுத்தத்தையும் பங்கு முரணையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அழுத்தம் ஒரே இடத்துக்குள் நடப்பது. முரண் என்பது ஒருவர் வகிக்கும் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று மோதுவது. அதே செவிலியரின் குழந்தைக்கு வீட்டில் காய்ச்சல் என்று போன் வந்தால் தாய் என்ற இடம் வீட்டுக்கு இழுக்கும், செவிலியர் என்ற இடம் வார்டில் நிறுத்தும். நானும் அந்தப் பதினோரு நாளில் மகனாக இங்கே இருந்தேன், அலுவலகத்தில் ஊழியனாக இல்லை, வீட்டில் தகப்பனாக இல்லை. எங்கே இருந்தாலும் இன்னோர் இடத்தில் குற்றவாளி மாதிரி ஓர் உணர்வு. நேரத்தைச் சரியாகத் திட்டமிடத் தெரியாதவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க வீட்டின்மேல், முழுநேர வேலை அலுவலகத்தில், இரண்டுக்கும் நடுவில் விடுப்பு என்று ஏதும் இல்லை என்றால் அது கட்டமைப்பில் உள்ள இடைவெளி. அதை ஒவ்வொருவரும் தன் தூக்கத்தால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் கேட்டால் மனிதர்கள் வெறும் பொம்மைகளா, இருக்கை சொன்னபடி ஆடுகிறார்களா என்ற கேள்வி வரும், வரத்தான் வேண்டும். இதற்கு வழக்கமாகக் காட்டுவது 1971ல் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய சிறைச் சோதனை. மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து ஒரு போலிச் சிறையில் விட்டார், காவலர்கள் கொடுமைக்காரர்களாக மாறினார்கள், இரண்டு வாரம் நடக்க வேண்டியதை ஆறு நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. பங்கு ஆளை விழுங்கிவிடும் என்பதற்கு இதையே சாட்சியாகச் சொல்லி வந்தார்கள். பிற்பாடு வெளிவந்த பதிவுகளில் காவலர்களைக் கடுமையாக நடந்துகொள்ளும்படி நடத்தியவர்கள் தூண்டியதும் தெரிந்தது, எல்லாக் காவலர்களும் கொடுமை செய்யவும் இல்லை. ஆகவே அந்தச் சோதனையை அப்படியே நம்பி மேற்கோள் காட்டாதீர்கள்.

உண்மையில் நாம் பங்குக்குள் முழுக்கக் கரைந்துவிடுவதில்லை. எர்விங் கோஃப்மன் 1961ல் இதை அழகாகக் காட்டினார். ராட்டினக் குதிரையில் ஏறிய மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒட்டுமொத்த உயிரையும் அதில் வைத்து ஓட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒரு கையை விடும், அலட்சியமாகச் சாயும், நான் இந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு மேலே என்று காட்டிக்கொள்ளும். இதைப் பங்கு விலகல் என்றார். அறுவை அறையில் தலைமை மருத்துவர் நடுநடுவே வேடிக்கையாகப் பேசுவதையும் அவர் இதோடு சேர்த்தார், அந்தப் பேச்சினால் கூட இருப்பவர்களின் பதற்றம் அடங்கி வேலை ஒழுங்காக நடக்கிறது. விலகி நிற்பதும் பங்கை நன்றாக ஆற்றும் ஒரு வழியாகிவிடுகிறது.

ஒரு பங்கை விட்டுவிட்டு வந்த பிறகும் அது முழுக்கப் போவதில்லை. கன்னியாஸ்திரியாக இருந்து வெளியேறிப் பின்னர் சமூகவியலாளரான ஹெலன் ரோஸ் ஈபா இதை ஆராய்ந்து 1988ல் எழுதினார். 'முன்னாள்' என்பதே ஒரு தனிப் பங்கு என்றார், மற்றவர்கள் நம் பழைய இடத்தை மறப்பதில்லை, நாமும் மறப்பதில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தார், ஆனால் கட்டு மாற்றும்போது மட்டும் செவிலியரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார், நோயாளி பார்க்கும் பார்வையாக அது இருக்காது. அவர் யார் என்று தெரிந்த அன்றிலிருந்து பயிற்சி மருத்துவர்கள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வரும்போது நின்ற விதமும் மாறியது, "சார்" என்று ஒரு சொல் சேர்ந்துகொண்டது.

கட்டமைப்பு மாறுமா? மாறும், மெதுவாக, பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். ஆந்தனி கிடன்ஸ் 1984ல் இதை விளக்க மொழியை உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஒரு மொழியின் இலக்கணம் நாம் பேசுவதைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் அது இல்லாமல் பேசவே முடியாது, நாம் பேசப் பேசத்தான் மொழியும் உயிரோடு இருக்கிறது. எல்லோரும் பேசும் விதம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் இலக்கணமும் நகர்ந்துவிடும். நோயாளியின் பங்கு அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. கேள்வி கேட்காமல் இருப்பதுதான் நல்ல நோயாளிக்கு அழகு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், மருத்துவரும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவராக இல்லை. நாஜி ஜெர்மனியில் மனிதர்கள்மேல் நடந்த கொடூரமான மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகு 1947ல் வந்த நியூரம்பெர்க் நெறிகள், சம்மதமில்லாமல் யார்மேலும் சோதனை செய்யக் கூடாது என்றன. அதற்கப்புறம் சிகிச்சைக்கும் சம்மதம் கேட்கும் வழக்கம் பல நாடுகளில் சட்டமாகவே ஆயிற்று, ஒரு பக்கத்தின் உரிமை மறுபக்கத்தின் கடமையாகச் சேர்ந்துகொண்டது.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா அந்த மூத்த மருத்துவரிடம் முதன்முறையாக வாய் திறந்து கேட்டார், "இந்தப் புது மாத்திரை எதுக்குங்கம்மா?" எழுபது வயது வரைக்கும் எந்த மருத்துவரிடமும் அவர் காரணம் கேட்டதில்லை. அந்த அம்மா நின்றபடியே பதில் சொல்லிவிட்டு நகரவில்லை, என் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார், அப்பா நடுவில் இன்னொரு கேள்வியும் கேட்டார்.